இருபது சர்வருக்குள் எல்லோரும்

என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஆனாலும் என்னைத் திட்ட வேண்டுமென்றால் அவளுக்குப் போன்தான் வேண்டும். அவள் கணினியில் எழுதுவதை உதவி லைனில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எனக்கு வாய்விட்டுப் படிப்பார். நான் சொல்வதை அவளுக்கு எழுதிக் காட்டுவார். அன்று காலை பதினொன்றரைக்கு அந்த வேலையில் இருந்தவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். கனத்த, மரியாதையான ஆண் குரல்.

"அக்கா, ரெண்டு நாளா உன்கிட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல. உயிரோட இருக்கியா இல்லையா?" என்றார்.

"இருக்கேன்டி, சொல்லு," என்றேன். முன்பின் தெரியாத பெரிய மனிதரை 'டி' போட்டுப் பேசுவது எனக்கு இன்றுவரை பழகவில்லை.

"இன்னைக்கு அஞ்சரை மணிக்குப் பரீட்சை. ஊசி சப்ளை பண்றவருக்கு நான் போன் பண்ணணும். முதலாளி பக்கத்துல உட்கார்ந்து பார்க்கப் போறார். அந்த ஆளை மடக்கிட்டா வேலை நிரந்தரம். இல்லன்னா இந்த வாரத்தோட வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டார்."

மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றில் என் தங்கை பத்து நாளாகச் சோதனை முறையில் வேலை பார்க்கிறாள். சரக்குக் கொடுப்பவர்களைப் போனில் விரட்டி வாங்க வேண்டிய வேலை. காது கேட்காதவள் எப்படிப் போன் பேசுவாள் என்று கிடங்கே சிரித்தபோது, உதவி லைன் இருக்கிறது, பேசுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவள் அவள். இதற்கு முன் ஏழு இடங்களில் அவளைப் பார்த்ததுமே பாவம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாவம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நல்லாப் பண்ணுவ, போ," என்று வைத்தேன். அந்த உதவி லைன் ஓடுவதே எங்கள் கட்டடத்தில்தான்.

நான் வேலை பார்ப்பது ஒரு டேட்டா சென்டரில். குளிரூட்டிய நீளமான கூடத்தில் இரண்டு வரிசை, வரிசைக்கு இருபது சர்வர். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு மிஷின்கள் இருக்கும். கண்ணால் பார்க்க முடியாது. எல்லாம் மென்பொருளால் ஆனவை. ஒவ்வொன்றும் அந்தச் சர்வர் முழுக்கத் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருக்கும், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. எந்த மிஷினை எந்தச் சர்வரில் உட்கார வைப்பது என்று பார்ப்பது என் வேலை. அதற்காக நான் எழுதிய நிரலுக்கு ஆபீசில் கண்டக்டர் என்று பெயர். 'உள்ளே போ, உள்ளே போ' என்று நெருக்கி அடைப்பதால் வந்த பெயர். அதற்கு அம்மா நான் என்பதால் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஏசி மெக்கானிக் கூடத்தைவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது வரிசைக்குக் காத்து கொடுக்கிற யூனிட் போயிடுச்சு. கம்ப்ரசர் மாத்தணும். சாமான் வர நாலு நாள் ஆகும்," என்றார்.

"அதுவரைக்கும்?" என்றார் எங்கள் மேலாளர்.

"ஆறு மணி வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். அப்புறம் அந்த வரிசையை அணைக்கணும். இல்லன்னா உள்ள ரொட்டி சுடலாம்."

இரண்டு வரிசையில் பரவிக் கிடந்த நானூற்றுப் பன்னிரண்டு மிஷின்களும் ஆறு மணிக்குள் முதல் வரிசையின் இருபது சர்வருக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் சிலவற்றை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டியவற்றின் பட்டியலைக் கண்டக்டர் இரண்டே நிமிடத்தில் கொடுத்தது. இடம் இருந்தால் மட்டும் ஓட்டலாம் என்று ஒப்பந்தம் போட்டவர்கள் அதில் முதலில் வருவார்கள். அந்த வகையில் உதவி லைனும் இருந்தது. அதற்கு நான்கு மிஷின்கள்: இரண்டு வேலை பார்ப்பவை, அவை நின்றால் கைகொடுக்க இரண்டு மாற்று.

மேலாளரிடம் நேராகவே சொன்னேன். "சார், அந்த லைன்ல என் தங்கச்சி பேசுறா. இன்னைக்கு அஞ்சரைக்கு அதை வச்சுத்தான் அவ வேலையே நிலைக்கப் போகுது. அதனால நான் எது சொன்னாலும் ரெண்டு தடவை சரிபாருங்க. ஆனா யாரையும் நிறுத்தாம அடக்க முடியுமான்னு பார்க்க எனக்கு நேரம் வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். கெட்ட மனிதர் இல்லை, பயந்தவர். "அஞ்சு மணி. அதுக்குள்ள அடங்கலைன்னா அவங்களுக்குத் தகவல் அனுப்பிட்டு நிறுத்திடணும்."

சிபியுவை, அதாவது கணக்குப் போடும் திறனை, மிஷின்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும். நினைவகத்தைப் பகிர முடியாது, உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஆகவே சும்மா உட்கார்ந்திருப்பவர்களை எழுப்புவது முதல் வேலை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல எங்கள் நிறுவனத்தின் பிரிவுகளே மிஷின்களைப் பிடித்து வைத்திருக்கும். சும்மா இருந்தால் நான் பிடுங்கிவிடுவேன் என்று தெரியும். அதனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு துண்டு நிரலை உள்ளே ஓடவிட்டு, வேலை நடக்கிற மாதிரி காட்டுவார்கள்.

பயிற்சிப் பிரிவுத் தலைவியிடம் இப்படி இருபத்திரண்டு மிஷின்கள் இருந்தன. போன் செய்தேன்.

"அதெல்லாம் முக்கியமான வேலையில இருக்கு," என்றார்.

"பார்த்தேன் மேடம். நானூறு கோடி வரைக்கும் எண்ணியாச்சு. இன்னும் எதுவரைக்கும் எண்ணணும்?"

அவர் குரல் இறங்கியது. "பயிற்சி திரும்ப ஆரம்பிக்கும்போது இடம் கிடைக்கலைன்னா?"

"பயிற்சி முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. வைக்கோல்போர்ல படுத்த நாய் மாதிரி..." என்று ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் சட்டென்று போனைத் தன் கையில் வாங்கி, "மேடம், இவங்க கொஞ்சம் அவசரத்துல இருக்காங்க. நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க, நான் பத்திரமா நகல் எடுத்து வச்சுடுறேன்," என்று முடித்தார். அந்தம்மாவும் சரி என்றார்.

இந்தப் பக்கத்து மேசைக்காரருக்கு ஆபீசில் நிதானம் என்று பெயர். தண்ணீர் குடிப்பதற்கே பாட்டிலின் மேல் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் குடிப்பார். அவரோடு ஆறு வருடமாக ஒரே அறையில் இருந்தும் எனக்கு ரத்தக்கொதிப்பு வரவில்லை என்றால் அது என் முன்னோர் செய்த புண்ணியம்.

மூன்றரை மணிக்குள் அறுபத்தோரு வெட்டி மிஷின்களை எழுப்பிவிட்டோம். அப்படியும் உதவி லைனுக்கு இடமில்லை. அப்போது எனக்கு இன்னொரு வழி தோன்றியது. ஒரே மாதிரியான இரண்டு மிஷின்கள் ஒரே சர்வரில் உட்கார்ந்தால், இருவருக்கும் பொதுவானதை ஒருமுறை மட்டும் வைத்தால் போதும். இரண்டு பேருக்கு ஒரே பாய் விரிப்பது மாதிரி. கண்டக்டரில் அந்த வசதியைத் திறந்து ஓட்டினேன். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: எல்லோருக்கும் இடம் உண்டு.

நான் எழுந்து நின்று கையைத் தட்டினேன். "முடிஞ்சுது. நகர்த்த ஆரம்பிங்க."

நிதானம் ஆரம்பிக்கவில்லை. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஜோசியமா பார்க்கிறீங்க? மணி ஓடுது."

"உதவி லைனோட முதல் மிஷினை இது மூணாம் நம்பர் சர்வர்ல போட்டிருக்கு," என்றார்.

"இருக்கட்டும்."

"அதோட மாற்றையும் அதே மூணாம் நம்பர்லதான் போட்டிருக்கு. அந்தச் சர்வர் போச்சுன்னா ரெண்டும் சேர்ந்து போயிடும். அப்புறம் எதுக்கு மாற்று?"

எனக்கு முகம் சுட்டது. மாற்று வேறு சர்வரில்தான் இருக்க வேண்டும் என்பது கண்டக்டருக்கு நான் வைத்த முதல் விதி. அடங்குகிறதா என்று பார்க்கும் வேகத்தில் அந்த விதியை நானே அணைத்திருந்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். இரட்டைப் பிள்ளைகளைக் கண்டதும் கண்டக்டர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

விதியைப் போட்டு மறுபடி ஓட்டினேன். மற்ற எல்லோரும் அடங்கினார்கள், கண்டக்டர் அவர்களை ஒவ்வொருவராக நகர்த்த ஆரம்பித்தது. உதவி லைனின் இரண்டு மாற்று மிஷின்களுக்கு மட்டும் இடமில்லை. ஆளுக்கு இருபத்துநாலு ஜிபி வேண்டும்.

"மாற்று இல்லாம ஓட்டலாமா சார்?" என்று மேலாளரிடம் கேட்டேன்.

"ஓட்டி, அது நடுவுல நின்னா நம்ம தப்பு. முன்னாடியே சொல்லிட்டு நிறுத்தினா ஒப்பந்தப்படி தப்பில்ல," என்றார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலு மணி பத்து. நான் தகவலை எழுதி வச்சிடுறேன். அஞ்சுக்கு அனுப்பணும்."

தங்கைக்குச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் முதலாளியிடம் இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவள் கெஞ்ச வேண்டும். காது கேட்காத பெண்ணை வைத்தால் இப்படித்தான் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். எட்டாவது இடத்திலும் பாவம் என்று சொல்வார்கள். அதை அவள் கேட்கமாட்டாள். உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். விடமாட்டேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நிதானம் திரும்பிப் பார்த்தார்.

கண்டக்டரின் திரையை மூடினேன். காகிதமும் பேனாவும் எடுத்து, முதல் வரிசையின் சர்வர் ஒவ்வொன்றிலும் எந்த மிஷின் எவ்வளவு எடுக்கிறது என்று கையால் எழுதிக் கூட்ட ஆரம்பித்தேன். ஒன்று சரி, இரண்டு சரி. ஆறு வரை சர்வரே காட்டும் கணக்கும் என் கூட்டலும் ஒத்துப்போயின. ஏழாம் நம்பரில் என் கூட்டல் முப்பத்திரண்டு ஜிபி குறைந்தது. ஆனால் சர்வர், தான் நிரம்பிவிட்டதாகக் காட்டியது. மறுபடி கூட்டினேன். அதே முப்பத்திரண்டு. பன்னிரண்டாம் நம்பரிலும் அப்படியே.

"ரெண்டு இடத்துலயும் யாரோ பட்டியல்ல இல்லாம உட்கார்ந்திருக்காங்க. கண்டக்டர் கண்ணுக்கே தெரியாம எவன் அவன்?" என்றேன்.

நிதானம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வழக்கம்போல் நேரம் எடுத்துக்கொண்டார்.

"கண்டக்டர்தான்," என்றார்.

கண்டக்டரும் ஒரு மிஷினுக்குள்தான் ஓடுகிறது. அதற்கும் ஒரு மாற்று உண்டு. தன்னையே எங்காவது தூக்கிப் போட்டுவிடக் கூடாதே என்று, எழுதும்போதே அதைப் பட்டியலிலிருந்து மறைத்துவைத்தவள் நான். மூன்று வருடத்தில் அது எனக்கே மறந்துபோயிற்று. பயிற்சிப் பிரிவு அம்மாவை வைக்கோல்போர் நாய் என்று சொன்ன வாய்க்குச் சொந்தக்காரி, ஊரிலேயே பெரிய துண்டாகப் போட்டு வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"கண்டக்டரை அணைச்சுடலாம்," என்றேன்.

மேலாளர் ஓடி வந்தார். "விளையாடுறீங்களா? இன்னும் முப்பத்தேழு மிஷின் நகர்த்தணும். அதை யார் பண்றது?"

"கையால."

"நாளைக்கு மத்த சென்டர்காரங்க எல்லாம் இதைப் பார்க்கத்தான் வர்றாங்க. பிடிச்சா அவங்க எல்லா இடத்துலயும் போடுவாங்க. இது உங்க மூணு வருஷ உழைப்பு. ஓடாத நிரலை எப்படிக் காட்டுவீங்க?"

"என்னைப் பார்த்துட்டுப் போகட்டும்."

"நடுவுல ஒரு சர்வர் விழுந்தா, அதுல இருக்கிறவங்களை வேற இடத்துல உட்கார வைக்கிறதும் கண்டக்டர்தானே?"

"நாலு நாளும் நான் இங்க இருப்பேன் சார். எது விழுந்தாலும் நான் தூக்கி வைக்கிறேன்."

"நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இருப்போம்," என்றார் நிதானம். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மேலாளர் என் காகிதத்தை வாங்கி, நான் முதலில் கேட்டுக்கொண்டபடியே இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் போய், எழுதி வைத்திருந்த தகவலை அழித்தார். நாலு ஐம்பதுக்கு நான் கண்டக்டரை அணைத்தேன். என் பிள்ளையைத் தூங்க வைத்த மாதிரி இருந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன்; பட்டியலை நிதானத்திடம் நீட்டினேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்தது கூலி வேலை. நிதானம் மிஷினின் பெயரையும் போக வேண்டிய சர்வரையும் படிப்பார். நான் தட்டச்சு செய்வேன். நான் தட்டியதை அவர் எழுத்து எழுத்தாகத் திருப்பிப் படிப்பார். சரி என்றால்தான் விசையை அழுத்துவேன். ஒரு எழுத்து மாறினால் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் மிஷின் இடமில்லாத சர்வரில் போய் முட்டி நிற்கும். இரண்டு முறை நான் தப்பாகத் தட்டினேன். இரண்டு முறையும் அவர் பிடித்தார். பதறாத காரியம் சிதறாது என்று நாங்கள் அவரைக் கேலி செய்வதற்குச் சொல்வோம். அன்றைக்கு அந்தக் கேலி எனக்கு வரவில்லை.

ஐந்தரைக்குப் பதினெட்டு மீதி. உதவி லைனின் மாற்றுகள் இரண்டும் ஏழிலும் பன்னிரண்டிலும் உட்கார்ந்துவிட்டன. வேலை பார்க்கும் இரண்டும் இன்னும் சூடான வரிசையில், முப்பத்துநாலாம் நம்பரில் இருந்தன. தங்கை இப்போது பேசிக்கொண்டிருப்பாள். அவள் முடிக்கும்வரை அவற்றைத் தொட வேண்டாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து மற்றவற்றை நகர்த்தினேன்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு மெக்கானிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "முப்பத்துநாலு கத்துது. அது ஆறு மணி வரைக்கும் தாங்காது. பத்து நிமிஷத்துல தானே நின்னுடும்."

நகர்த்தினால் பேச்சு ஒரு நொடிக்கும் குறைவாகத் தடைபடும். யாருக்கும் தெரியாது. நகர்த்தாமல் விட்டால் சர்வரோடு சேர்ந்து அறுந்துபோகும். "படிங்க," என்றேன். நிதானம் படித்தார், நான் தட்டினேன், அவர் திருப்பிப் படித்தார், அழுத்தினேன்.

அவசரத்தில் மூன்று மிஷின்களை ஏற்கெனவே இரண்டு வரிசையையும் இணைக்கும் கேபிள் வழியில் விட்டிருந்தேன். அவற்றோடு இவை இரண்டும் சேர்ந்ததும் வழி நெரிந்தது. ஒரு நொடியில் முடிய வேண்டியது முடியவில்லை. இரண்டு. மூன்று. திரையில் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்ற சொல் அசையாமல் நின்றது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து. ஆறு. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். லைன் செத்துவிட்டது என்று அவள் அவரைத் திரும்பிப் பார்ப்பாள். என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்பதாவது நொடியில் 'ஓடுகிறது' என்று வந்தது.

நிதானம் அடுத்த பெயரைப் படித்தார். நான் தட்டினேன். வேறு என்ன செய்வது, இன்னும் பதினொன்று மீதி இருந்தது.

ஆறுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கடைசி மிஷின் போய்ச் சேர்ந்தது. மெக்கானிக் இரண்டாவது வரிசையை அணைத்தார். கூடத்தின் பாதி இரைச்சல் நின்றுபோயிற்று. முதல் வரிசையில் முந்நூற்றைம்பத்தொன்று மிஷின்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஓடின. ஒருவரையும் இறக்கிவிடவில்லை. மேலாளர் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். என் கோப்பையை அவரே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு டீ இறங்கவில்லை. ஒன்பது நொடி. ஆறே காலுக்குப் போன் அடித்தது. இந்த முறை இளம்பெண் ஒருத்தியின் குரல்.

"அக்கா, உட்கார்ந்திருக்கியா? அந்த ஆளு எடுத்ததுமே அடுத்த வெள்ளிக்கிழமைதான் அனுப்புவேன்னார். முடியாது, நாளைக்கே வேணும்னு எழுதினேன். அதுக்கப்புறம் திரையில ஒண்ணுமே வரல. லைன் போயிடுச்சுன்னு நினைச்சேன். முதலாளி முன்னாடி பயத்தைக் காட்டக் கூடாதுன்னு கையை மடியில வச்சுக்கிட்டுக் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் கோவத்துல பேசாம இருக்கேன்னு அந்த ஆளு நினைச்சிருக்கணும். திடீர்னு, 'சரிம்மா, சரிம்மா, நாளைக்குக் காலையில வண்டி வந்துடும்'னு வந்துச்சு."

நான் டீயைத் தள்ளி வைத்தேன்.

"முதலாளி என்ன எழுதிக் காட்டினார் தெரியுமா? 'இருபது வருஷமா அந்த ஆளுகூடக் கத்திப் பார்த்திருக்கேன். பேசாம இருந்து பார்க்கத் தோணலையே'ன்னு. திங்கட்கிழமையில இருந்து வேலை நிரந்தரம். கேட்குதா அக்கா?"

அது நான்டி, என் அவசரம்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, வேறு என்னவோ வந்தது. அவள் முன்னால் நான் ஒருநாளும் அழுததில்லை. எங்கள் வீட்டில் திட்டுவதுதான் என் பங்கு. போனின் அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பேச்சை மட்டும் அல்ல, கேட்கிற சத்தத்தையும் எழுதிக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் விதி.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் தங்கையின் பதிலைப் படித்தாள்.

"அக்கா, 'அழுகைச் சத்தம்'னு இங்க வருது. உன் ஆபீஸ்ல யாரோ அழுறாங்க போல. நீ பாட்டுக்குத் திட்டிடாத. பக்கத்துல போய் என்னன்னு கேளு."

"கேட்கிறேன்டி," என்றேன்.